நடுச்சாலைக் குழியும் என் குண்டு ஜாயிண்டும்

எங்கள் ஊருக்கும் எதிர்ப்பக்கத்து ஹாஸ்டல்களுக்கும் நடுவில் ஓடுகிற சாலையைத் தாண்ட மூன்று வழிகள் உண்டு. உயிர்மேல் பெரிய பிடிப்பு இல்லாதவர்கள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குறுக்கே ஓடலாம். பிடிப்பு உள்ளவர்கள் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி, தொலைவில் இருக்கும் திருப்பத்தில் இறங்கி, இன்னொரு ஷேர் ஆட்டோ பிடித்து அந்தப் பக்கமாக வரலாம். மூன்றாவது வழி தரைக்கு அடியில். ஒரு பழைய குழாய். என் மணிக்கட்டு நுழையும், என் வயிறு நுழையாது. அந்த வழியாகத்தான் நான் பல வருடங்களாகப் பிழைப்புக்குப் போய்வந்து கொண்டிருந்தேன். நான் என்றால், என் ஒயர்.

குழாய் அரசாங்க டெலிபோன் ஆபீசுக்குச் சொந்தம். ஒரகடம் வெறும் பஸ் நிறுத்தமாக இருந்த காலத்தில், எதிர்ப்பக்கத்தில் இருந்த கன்னியர் மடத்துக்கும் நாலைந்து பெரிய வீடுகளுக்கும் போன் கொடுக்கச் செம்புக் கம்பி புதைத்தார்கள். பிறகு தொழிற்சாலைகள் வந்தன. சாலை அகலமானது. மடத்தைச் சுற்றி இருந்த வயல்களில் மாடி மாடியாக ஹாஸ்டல்கள் முளைத்தன. தெற்கத்திப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் மேசை போன்கள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. மூடாதது ஒன்றுதான்: மடத்துச் சிஸ்டர்கள் நடத்துகிற மருந்தகத்து போன். அவர்களுடைய தாய்மடத்திலிருந்து அழைப்பு வந்தால் அந்த நம்பருக்குத்தான் வரும். அந்தச் சுவர்களுக்குள் செல்போன் சிக்னலும் கன்னியாஸ்திரி மாதிரிதான், வெளியாட்களோடு அதிகம் பேசாது.

டெலிபோன் ஆபீசில் ஒரு மேடம் இருந்தார். இன்றும் இருக்கிறார். பெரிய கட்டடம், நிறைய நாற்காலி, ஆள் மட்டும் குறைவு. செம்புக் கம்பியைப் பராமரிக்க அவரிடம் ஆள் இல்லை. எதிர்ப்பக்கம் போக என்னிடம் வழி இல்லை. "ஏம்பா, அந்த சிஸ்டருங்க போன் சாகாம பாத்துக்க. உன் ஒயரை அதே பைப்புல வுட்டுக்க" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம். போன் உயிரோடு இருக்கும்வரை குழாயில் எனக்கும் இடம் உண்டு.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு கார் சீட் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. சீட்டுக்கு உறை மாட்டுவது வேலை. நான் மாட்டிய உறைகளில் என் நெற்றியைவிட அதிகச் சுருக்கம் இருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்வார். கழுத்தில் ஒரு பட்டையும் பட்டையில் ஒரு அட்டையும் தொங்கும். அட்டையில் இருக்கிற ஆளை எனக்கே அடையாளம் தெரியாது. ஒருநாள் வாசலிலேயே அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அன்று ஷேர் ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்தேன், இனிமேல் இந்தக் கழுத்தில் ஜெபமாலையைத் தவிர எதுவும் ஏறாது. வீட்டில் இதைக் கம்பீரமாக அறிவித்தேன்.

"கழுத்துல மாட்டிக்கினு கஷ்டப்படறது நானு. இவுரு இன்னாமோ பேசறாரு" என்று என் மனைவி தாலியை எடுத்துக் காட்டினாள்.

அப்படித்தான் ஊர்க் கேபிள்காரன் ஆனேன். முதலில் டி.வி., பிறகு நெட். கம்பெனி என்றால் நானும் அவளும்தான். ஏணி ஏறுவது நான், போன் எடுப்பது அவள். எங்கள் நெட் ரொம்ப வேகம் என்று நான் சொல்லமாட்டேன். மழை பெய்தால் அதற்கு ஜலதோஷம் பிடிக்கும். ஆனால் புகார் சொன்னால் ஆள் வருவான். வருகிற ஆள் நான்தான் என்பதுதான் வாடிக்கையாளர்களின் ஒரே வருத்தம்.

குழாயில் முதன்முதலாக ஒயர் இழுத்த நாளைச் சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். என்னிடம் இருந்தது இரண்டு துண்டு. இரண்டையும் சேர்த்தால்தான் சாலையைத் தாண்டும். ஜாயிண்ட்டைக் குழாய்க்கு வெளியே, மழை படாத பெட்டியில் வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் துண்டுகளின் நீளத்துக்கு அது தெரியவில்லை. ஜாயிண்ட் நடுக்குழாயில்தான் விழும். எனவே அதன்மேல் ஒரு ரப்பர் குழாய்த் துண்டு, அதன்மேல் சைக்கிள் டியூப், அதன்மேல் டேப், அதன்மேல் இன்னும் டேப் என்று சுற்றிச் சுற்றி, எலி விழுங்கின பாம்பு மாதிரி ஒன்றைச் செய்தேன். சோப்புத் தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளினேன். எதிர்ப்பக்கத்தில் என் மனைவி இழுத்தாள். பாதி வழியில் அது நின்றுவிட்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. நல்ல வேளை, அதற்குள் ஒயரின் முனை அவள் கைக்கு வந்திருந்தது. "வுட்டுடு, அதுவா ஒரு இடம் பாத்து உக்காந்துக்கிச்சு" என்றாள். விட்டுவிட்டேன். கூடவே ஒரு நைலான் கயிறும் உள்ளே விட்டேன்.

இந்தக் கயிறு எங்கள் தொழிலில் மரியாதை. குழாயில் யார் ஒயர் இழுத்தாலும், அடுத்து வருகிறவன் இழுக்க ஒரு கயிற்றை உள்ளே விட்டுவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவன் நம் போட்டியாளனாகக்கூட இருக்கலாம். திட்டிக்கொண்டே விடலாம். ஆனால் விட வேண்டும்.

அப்புறம் சாம்பல் சட்டைக்காரர்கள் வந்தார்கள்.

பெரிய கம்பெனி. சாம்பல் நிற டி-ஷர்ட், சாம்பல் நிறத் தொப்பி, சாம்பல் நிற வேன். ஹாஸ்டல் பக்கம் பிடிக்க வேண்டுமென்றால் குழாய் வேண்டும் என்று கண்டுபிடித்து, டெலிபோன் ஆபீசின் மேலிடத்தில் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். ஏரியா மேனேஜர் ஒருவர், வயது என் திருமண வாழ்க்கையைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும், வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பை. பையில் எனக்கென்று ஒரு டி-ஷர்ட். மீடியம் சைஸ். அவர்களுடைய கள ஆய்வின் தரம் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"அண்ணே, நீங்க தனியா எவ்ளோ நாள் ஓட்டுவீங்க? எங்ககூட பார்ட்னரா வந்துடுங்க. உங்க கஸ்டமர் எல்லாரையும் நம்ம லைன்ல ஏத்திடலாம். டி-ஷர்ட், ஐடி கார்டு, எல்லாம் கம்பெனியே தந்துடும்."

"ஐடி கார்டு பாக்கெட்லயா, கழுத்துலயா?"

"கழுத்துலதான்ணே."

"அப்ப வேணாம்பா."

அவருக்குப் புரியவில்லை. இரண்டு தரம் சிரித்தார். "அண்ணே, பைப்புக்கு எங்ககிட்ட பர்மிஷன் இருக்கு. எங்க கேபிள் வரும்போது உங்களோடதை எடுக்க வேண்டியிருக்கும்."

"இன்னாத்துக்கு எடுக்கணும்? ஒண்டிக்கினு போற அளவுக்கு உள்ள எடம் கீது. கயிறு வுட்டு வெச்சிருக்கேன். அத்தப் புடிச்சி உன் ஒயரை இழுத்துக்க. நான் எதுனா சொல்றனா?"

"ஷேரிங் எங்க பாலிசில இல்லண்ணே."

"எங்க வூட்டுக்காரர் வயித்துக்கு மீடியம் எடுத்தாந்தீங்களே, அது பாலிசியா?" என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள். மேனேஜர் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். டி-ஷர்ட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அதை இன்றைக்கும் ஏணி துடைக்கப் பயன்படுத்துகிறோம்.

எதிர்ப்பக்கம் கைவிட்டுப் போனால் எனக்கு என்ன ஆகும் என்று அன்றைக்கு நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். ஊர்ப் பக்கத்தில் என் வாடிக்கையாளர்கள் குறைவு. ஹாஸ்டல்கள்தான் எங்கள் சோறு. குழாய் போனால் ஹாஸ்டல் போகும், ஹாஸ்டல் போனால் மறுபடி ஏதாவது ஒரு கேட் முன்னால், கழுத்தில் பட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும். இந்த வயதில் சீட் உறை மாட்ட யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது ஒருபுறம். கூப்பிட்டாலும் என் கழுத்து ஒத்துக்கொள்ளாது என்பது மறுபுறம்.

"குடுக்காத. இன்னா வந்தாலும் பாத்துக்கலாம்" என்றாள் அவள். கொடுப்பதில்லை என்று முடிவானது.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். எங்கள் ஊரில் ஞாயிறு காலை பூசை நேரத்தில் யார் வீட்டிலும் ஆள் இருக்காது என்பதை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் வழக்கம்போல் கோயிலில் கடைசி வரிசைக்கும் பின்னால், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. பாக்கெட்டில் போன் துடித்தது. அடக்கினேன். மறுபடி துடித்தது. பெண்கள் பக்கம் பார்த்தால், முக்காடு போட்ட தலைகளுக்கு நடுவில் ஒரு முக்காடு மட்டும் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. என் மனைவிதான். அவளுடைய போனும் துடித்திருக்கிறது. எதிர்ப்பக்கத்து ஹாஸ்டல் முழுக்க ஒரே நேரத்தில் மோடத்தில் சிவப்பு லைட் எரிந்தால் இப்படித்தான் ஆகும். மன்னிப்பைப் பற்றிய பிரசங்கத்தில் பாதியிலேயே நாங்கள் வெளியே வந்துவிட்டோம். மீதிப் பாதியில் சாமியார் என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. ஆகவே பின்னால் நடந்தவற்றுக்கு நான் பொறுப்பல்ல.

சாலையோரக் குழியை நாலு சாம்பல் சட்டைகள் திறந்து வைத்திருந்தன. என் ஒயரை வெட்டியிருந்தார்கள். வெட்டியதோடு நிற்கவில்லை. குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்த என் ஒயரின் முனையில் தங்கள் புது ஒயரைக் கட்டி, எதிர்ப்பக்கத்தில் என் ஒயரின் மறுமுனையை ஒரு டெம்போவில் மாட்டி இழுத்திருக்கிறார்கள். அதாவது, நான் விட்டுவைத்த கயிற்றை விட்டுவிட்டு, என் ஒயரையே கயிறாக்கி, என்னை வெளியே இழுக்கிற அதே இழுப்பில் அவர்கள் உள்ளே வந்துவிடுவது என்று திட்டம். திட்டம் நல்ல திட்டம்தான், நானே கொஞ்சம் ரசித்தேன். என் குண்டு ஜாயிண்ட் உள்ளே இருப்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது.

டெம்போ இழுத்திருக்கிறது. ஜாயிண்ட் அசையவில்லை. டெம்போ முறுக்கி இழுத்திருக்கிறது. என் ஒயர் ஜாயிண்ட்டோடு அறுந்து, வெறும் வால் மட்டும் எதிர்ப்பக்கம் வெளியே வந்தது. அதோடு பின்னிக் கிடந்த நைலான் கயிறும் வந்தது. சிஸ்டர்களின் செம்புக் கம்பியும் வந்தது. அவர்களுடைய புது ஒயர் மட்டும் ஒரு முழம்கூட உள்ளே போகவில்லை. குழாயில் என் ஜாயிண்ட் பாட்டிலுக்குத் தக்கை மாதிரி உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் வெயிலில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். "உள்ளே என்ன வெச்சிருக்கீங்க நீங்க?"

"ஜாயிண்ட்."

"பைப்புக்குள்ள யாராவது ஜாயிண்ட் போடுவாங்களா?"

"நான் போடுவேன்" என்றேன். வாழ்க்கையில் என் வேலையை நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்தியது அந்த ஒரு தரம்தான்.

அவர் குரலை இறக்கினார். "சரிண்ணே. இப்ப உங்களுக்கும் லைன் இல்ல, எங்களுக்கும் இல்ல. நாங்க கொஞ்சம் சுத்தி வேற ரூட்ல வந்துடுவோம். உங்களால முடியுமா? யோசிங்க. கார்டை வேணும்னா பாக்கெட்லயே வெச்சுக்கலாம், நான் பேசறேன்."

அவர் சொன்னது உண்மை. என்னால் சுற்றி வர முடியாது. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. "பாக்கெட்லயும் வேணாம். என் சட்டைல பாக்கெட்டே இல்ல" என்றேன். பூசைக்குப் போட்ட சட்டை, பாக்கெட்டில் போன் துருத்திக்கொண்டிருந்தது. பரவாயில்லை, ஒரு வேகத்தில் சொல்வதுதானே.

மதியத்துக்குள் என் வீட்டு வாசலில் ஹாஸ்டல் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். செல்போன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற தெற்கத்திப் பெண்கள். சாலையைச் சுற்றிக்கொண்டு, ஆளுக்கொரு மோடத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். காய்ச்சல் வந்த குழந்தையை டாக்டரிடம் காட்ட வந்த மாதிரி நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றது ஒரு தூத்துக்குடிப் பெண். ஷிப்ட் முடிந்து அறையில் உட்கார்ந்து காலேஜ் பாடம் படிக்கிறவள்.

"அண்ணாச்சி, என்ன செஞ்சீய? எல்லா மோடத்துலயும் செவப்பு லைட்டு முழிச்சிப் பாக்குதுலா."

"மோடத்த இன்னாத்துக்கும்மா தூக்கினு வந்தீங்க? நோவு அதுல இல்ல, ரோட்டுக்கு அடில."

"நீங்க வழக்கமா மோடத்தத்தான தட்டிப் பாப்பீய" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் வராது.

பிறகு அவள் சிரிப்பை நிறுத்தினாள். "ஓனர் சொல்லிட்டாரு அண்ணாச்சி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க நெட்டு வரலன்னா எல்லா ரூமையும் சாம்பல் சட்டைக்கு மாத்திருவாராம். அவங்க சுத்தி வந்துருவோம்னு சொல்லியிருக்காங்க. அவங்ககிட்ட புகார் சொல்லணும்னா ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு மிஷினுலா பேசுது. உங்க வீட்டு அக்கான்னா ரெண்டு திட்டாவது திட்டுவாங்க. எனக்கு அடுத்த வாரம் பரீட்சை. பாத்து செய்யுங்க."

அவர்கள் மோடங்களோடு திரும்பிப் போனார்கள். நாளைச் சாயங்காலம். எனக்கு இருந்த நேரம் அவ்வளவுதான்.

நான் மேனேஜரைத் திட்டுவதில் அதைச் செலவழிக்கத் தயாராக இருந்தேன். என் மனைவிதான் நிறுத்தினாள். "யோவ், உன் ஒயர் அறுந்ததுக்கு யாரும் வரமாட்டாங்க. சிஸ்டருங்க போன் செத்துக்கிச்சே, அத்தச் சொன்னியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் நெட் போனால் அது என் தலைவலி. மேசை போன் போனால் அது அரசாங்கப் புகார். போனே செத்துவிட்டதால் சிஸ்டரால் போனில் புகார் சொல்ல முடியாது. என் மனைவி ஷேர் ஆட்டோவில் சுற்றிப் போய், சிஸ்டரை மொட்டை மாடிக்கு ஏற்றி, சிக்னல் கிடைக்கிற மூலையில் நிறுத்தி, தன் செல்போனிலிருந்து புகார் சொல்ல வைத்தாள். தாய்மடத்து அழைப்பு வர முடியாமல் போனது பற்றி சிஸ்டர் பேசிய விதத்தில், எதிர்முனையில் எடுத்தவர் பாவமன்னிப்பு கேட்டிருப்பார் என்றாள்.

திங்கள் காலை டெலிபோன் ஆபீஸ் மேடம் வந்துவிட்டார். ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை. மேனேஜரும் ஆட்களோடு வந்திருந்தார். பளபளவென்று அவர்களுடைய புது ஒயர் உருளை சாலையோரத்தில் நின்றிருந்தது. மேனேஜர் மேடத்திடம் அனுமதியை எடுத்துக் காட்டினார்.

"படிச்சேன்பா. நீ பைப்புக்குள்ள போகத்தான் பர்மிஷன். என் காப்பரை உருவி ரோட்ல போட இல்ல" என்றார் மேடம். "உள்ள அடைச்சிக்கினு இருக்குதாமே, எங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பாதில எங்கியோ, மேடம்" என்றேன். அதற்குமேல் எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

"பாதின்னா நடுவுலதான். அங்க நம்ம குழி ஒண்ணு இருக்கணும். ரோட்டை அகலப்படுத்துனப்ப மண்ணைக் கொட்டி அரளியை நட்டுட்டாங்க."

அப்படித்தான் நாங்கள் எல்லாரும், சாம்பல் சட்டைகளும் என் சுருக்கம் விழுந்த சட்டையும், சாலைக்கு நடுவில் இருக்கும் அரளி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தோம். இந்தப் பக்கம் புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்கள், அந்தப் பக்கம் கம்பெனி பஸ்கள். நடுவில் நாங்கள் கடப்பாரையால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தோம். மேடம் குடையை விரித்துக்கொண்டு அரளி நிழலில் நின்று, "செடிக்கு அடி படாமப்பா" என்றார். மூன்றாவது இடத்தில் 'டணங்' என்று மூடி தட்டுப்பட்டது.

மூடியைத் தூக்கினோம். அரைக்குழி தண்ணீர். ஒரு தவளை எங்களைப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டு குதித்தது. இரண்டு பக்கக் குழாயும் அந்தக் குழியில்தான் சந்திக்கின்றன. அந்தப் பக்கக் குழாயின் வாயில் முட்டிக்கொண்டு, சேற்றுக்குள் பளபளவென்று, என் குண்டு ஜாயிண்ட்.

மேடம் எட்டிப் பார்த்தார். "ஏம்பா, இது இன்னா, மாசமா கீதா?"

சாம்பல் சட்டைகள்கூடச் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், இதைப் பாருங்க. இப்படி வேலை செய்யறவரை நம்பி பைப்பைக் குடுக்கலாமா? இதை வெட்டிப் போட்டுட்டு நாங்க மட்டும் இழுத்துக்கறோம். இவர் கஸ்டமருக்கு நாங்களே லைன் குடுத்துடறோம்."

"என் காப்பர்?" என்றார் மேடம்.

"காப்பர்லாம் இப்ப யாரு மேடம் யூஸ் பண்றாங்க?"

"சிஸ்டருங்க பண்றாங்க. உன்கிட்ட காப்பர் இருக்கா? ஜாயிண்ட் பண்ண ஆள் இருக்கா?"

இல்லை. சாம்பல் சட்டைகளில் ஒருவர்கூடச் செம்புக் கம்பியைத் தொட்டதில்லை. என் கொட்டகையில் ஒரு சுருள் கிடந்தது. பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல்லி என் மனைவி வருடக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்த சுருள். நான் சோம்பேறித்தனத்தில் போடாமல் இருந்தேன். "என்கிட்ட கீது மேடம்" என்றேன், தொலைநோக்கோடு சேமித்து வைத்தவன் மாதிரி.

மேடம் குடையை மடக்கினார். "அப்ப மொதல்ல என் காப்பர் போகும். அத்தப் போடறது இவரு. அதோட இவரு ஒயரும் போகும். கயிறு வுட்டுட்டு வருவாரு. அப்புறம் நீ இழுத்துக்க. ரெண்டு பேரும் இருங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரே கண்டிஷன். முழு ஒயரு. ஜாயிண்ட் வேணாம். இன்னொரு தடவ நான் இந்தப் புள்ளத்தாச்சியப் பாக்கக் கூடாது."

இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே துண்டாக நீளும் ஒயர் முதன்முதலாக இழுத்த நாளிலும் என்னிடம் இல்லை, அன்றைக்கும் இல்லை. சென்னைக்குப் போய் வாங்கிவந்தால் சாயங்காலம் தாண்டிவிடும். மேனேஜர் என் முகத்தைப் படித்துவிட்டார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "பாவம், இருக்காது மேடம் அவர்கிட்ட."

நான் சாலையோரத்து உருளையைப் பார்த்தேன். பளபளவென்று முழுசாக நின்றிருந்தது.

"இருந்துச்சு மேடம். நேத்து காலைல வரைக்கும் அந்தப் பக்கத்துக்குப் போய்க்கினு இருந்துச்சு. இவங்க வெட்டிட்டாங்க. வெட்டினவங்க குடுக்கட்டும்."

"எங்க கேபிளையா? அதுல எங்க கம்பெனி பேரு பிரிண்ட் ஆகியிருக்கு!" என்றார் மேனேஜர்.

"பரவால்லபா. எனக்கு கூச்சம் இல்ல."

மேடம் குடை நுனியால் உருளையைக் காட்டினார். "நியாயம்தான். வெட்டினது நீங்க. குடுக்க முடியாதுன்னா, ஒயரை வெட்டி காப்பரை உருவினதை மேல எழுதறேன். பர்மிஷன் இருக்குதா இல்லையான்னு அவங்க பாத்துப்பாங்க."

மேனேஜர் போனை எடுத்து யாரிடமோ பேசினார். அந்தப் பக்கத்திலும் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றுதான் சொல்லியிருக்கும் போல, வெகுநேரம் காதில் வைத்திருந்துவிட்டு இறக்கினார். உருளையைச் சுழற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். அளந்து, ஒரே துண்டாக, அவர் கையாலேயே வெட்டிக் கொடுத்தார். ஒயரின் மேல் நெடுக அவர்கள் கம்பெனியின் பெயர், வெள்ளை எழுத்தில், திரும்பத் திரும்ப.

ஜாயிண்ட்டை நானே அறுத்து எடுத்தேன். குழாய் அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் கம்பியை ஓரக்குழியிலிருந்து நடுக்குழிக்கும், நடுக்குழியிலிருந்து எதிர்க்குழிக்கும் விட்டு, செம்பையும் ஒயரையும் கயிற்றையும் சேர்த்துக் கட்டினோம். பழைய கயிறு டெம்போ இழுப்பில் நைந்து போயிருந்தது, வேறு வழி இல்லாமல் வீட்டைச் சுற்றிக் கட்டியிருந்த நீளத் துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தேன். எதிர்ப்பக்கம் இழுக்க என் மனைவி நின்றாள். அதே நேரத்தில் கம்பெனி பஸ் வந்து ஷிப்ட் முடிந்த பிள்ளைகளை இறக்கியது. தூத்துக்குடிப் பெண் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் வந்து பிடித்தாள். பின்னாலேயே மற்றவர்கள்.

"ஏலேலோ சொல்லணுமா அண்ணாச்சி?" என்று சாலைக்கு அப்பாலிருந்து கத்தினாள்.

"சும்மா இழும்மா!"

"இழுக்குறது நாங்க, ஒயரு அவங்களோடது, பெருமை மட்டும் உங்களுக்காக்கும்!"

ஒயர் தடங்கலில்லாமல் போனது. என் கையில் ஒரு குண்டு ஜாயிண்ட் இல்லாமல் ஒயர் இழுத்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு சுலபமா இந்த வேலை என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இருட்டுவதற்குள் முனைகளைச் சேர்த்தேன். ஹாஸ்டலில் ஒரு மாடியிலிருந்து "பச்சை வந்துட்டு!" என்று ஒரு குரல் வந்தது. பிறகு அடுத்த மாடி. மருந்தகத்தில் மேசை போன் அடித்தது. மேடம்தான், தன் காப்பரைச் சோதித்துப் பார்க்க அடித்தார். சிஸ்டர் எடுத்து அவரிடமும் கொஞ்சம் கோபமாகப் பேசியிருக்கிறார்.

மறுநாள் சாம்பல் சட்டைகள் என் துணிக்கொடியைப் பிடித்துத் தங்கள் ஒயரை இழுத்துக்கொண்டார்கள். அவர்கள் கயிறு விட்டார்களா என்று கேட்காதீர்கள். விடவில்லை. எங்கள் வீட்டுத் துணிகள் ரொம்ப நாள் ஏணியின் மேல்தான் காய்ந்தன.

"அவனுக்கு எதுக்குய்யா கயிறு வுட்ட? அதுவும் என் கொடிய?" என்று மனைவி கேட்டாள்.

"விடணும்" என்றேன். அவள் ஈரத் துணியை உதறி ஏணிமேல் போட்டாள்.

ஹாஸ்டலில் சில அறைகள் அவர்களிடம் போயின. போன அறைகளில் சில திரும்பி வந்தன. அவர்களுடைய நெட் என்னுடையதைவிட வேகம், அதை மறைக்க முடியாது. தூத்துக்குடிப் பெண் பரீட்சை எழுதிவிட்டாள். மழை நாளில் மட்டும் "அண்ணாச்சி, உங்க நெட்டுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடுங்க" என்று போன் செய்கிறாள். நடுவில் மேனேஜர் மாறிவிட்டார். புது மேனேஜருக்கும் பகிர்வது பாலிசியில் இல்லை.

அண்மையில் ஒருநாள் அரளி வரிசைக்கு நடுவில் சாம்பல் சட்டைகள் குழி மூடியைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தார்கள். ஷேர் ஆட்டோவிலிருந்து பார்த்துவிட்டேன். இறங்கிக் குறுக்கே ஓடினேன், அன்று உயிர்மேல் பிடிப்பு குறைவு. புது மேனேஜர் குழிக்குள் கையைக் காட்டினார். சேற்றுக்குள் சிஸ்டர்களின் செம்புக் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு ஒயர்கள். ஒரே தடிமன், ஒரே கறுப்பு, இரண்டின் மேலும் நெடுக வெள்ளை எழுத்தில் ஒரே கம்பெனியின் பெயர். ஒருவர் கையில் கட்டர் தயாராக இருந்தது.

"அண்ணே, வேற ஒண்ணும் இல்ல, சும்மா செக் பண்ணத்தான்" என்றார் மேனேஜர். "இதுல உங்களது எது?"

நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். சட்டையால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன்.

"மறந்துடுச்சிப்பா. எதுனா ஒண்ண வெட்டிப் பாரு, தெரிஞ்சிடும்."